டீச்சர் பதில்கள்: எழுத்துக்கு முன்னால் கதை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்த டீச்சர், சிறு பிள்ளைகளின் வாசிப்பு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

கேள்வி: வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். பையனுக்கு ஐந்து வயது, இங்கிலீஷ் மீடியத்தில் யூ.கே.ஜி. படிக்கிறான். பள்ளியில் மலையாளமும் உண்டு. ‘வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள், தமிழ்க் கதையும் சேர்ந்தால் குழம்பிவிடுவான்’ என்கிறார் மிஸ். எந்த மொழியில் கதை படித்துக் காட்டுவது?
— ஒரு அம்மா, வேலந்தாவளம்

தமிழில் படித்துக் காட்டுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் இருக்கும் சொற்களில் பெரும்பாலானவை வீட்டில் காதுவழி வந்தவை. ஆடு கிணற்று மேட்டில் ஏறி நின்றது என்று நீங்கள் படித்தால், அந்த மேடும் ஆடும் அவன் கண்முன்னே வந்துவிடும். உடனே ‘அப்புறம்?’ என்பான். வாசிப்புப் பழக்கம் அந்த ‘அப்புறம்’ என்ற இடத்தில்தான் வேர் பிடிக்கிறது. அதே கதையை இங்கிலீஷில் படித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று விளக்க வேண்டியிருக்கும். கதை அறுந்துபோகும், பிள்ளையும் எழுந்து போய்விடுவான். இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தன் பாட்டுக்கு வரட்டும். புத்தகத்தைத் திறந்தால் சந்தோஷம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை எந்த மொழிப் புத்தகத்தையும் எடுத்துப் புரட்டும்.

குழப்பம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், வகுப்பில் இங்கிலீஷ். சின்ன வயதில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலந்து வருவது சகஜம்தான். யாரிடம் எதைப் பேசுவது என்று அவர்களே சீக்கிரம் பிரித்துக்கொள்வார்கள்.

எழுத்துக்கூட ஒன்றுக்கொன்று உதவத்தான் செய்கிறது. பஸ் போர்டில் ‘பொள்ளாச்சி’ என்று எழுதியிருப்பதைப் பிள்ளையோடு நின்று பாருங்கள். ‘பொ’வில் இடப்பக்கம் கொம்பு, நடுவில் ப, வலப்பக்கம் கால். கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ‘ப்’ என்ற ஒலியை. ஒன்றாம் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்தில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘எ... ப... ஆ...’ என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். மூன்றும் சேர்ந்து ஒரே சத்தம் என்பது ஒரு நாள் சட்டென்று பிடிபடும். தமிழில் பிடிபட்டுவிட்டால் மலையாளத்தில் அதை மறுபடி கற்க வேண்டியதில்லை, அங்கேயும் கொம்பும் காலும் இதே மாதிரிதான் நிற்கின்றன. மலையாளத்தில் புதிதாக வருவது வேறு: நாம் ஒரே ‘க’வை வைத்து நடத்துகிற இடத்தில் அவர்களுக்கு நாலு எழுத்து இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்து இந்த எல்லை உருவான 1956-லேயே அரசியல் சாசனத்தில் 350ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. சாசனமே இடம் கொடுத்திருக்கும்போது, ராத்திரி கால் மணி நேரம் தமிழில் கதை கேட்பதற்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? மிஸ்ஸிடம் தன்மையாகச் சொல்லுங்கள்: ‘இங்கிலீஷை நீங்க பாத்துக்குங்க மிஸ், கதையை நாங்க தமிழ்ல சொல்லிக்கறோம்.’ இரண்டும் வேண்டும் என்று தோன்றினால், ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் அச்சிட்ட படப் புத்தகங்களைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் போடுகிறது. அதிலும் முதலில் தமிழ் வரியையே படியுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது. தினம் ஒரு கதை படிக்க வைக்கிறேன். முடித்ததும் ஐந்து கேள்வி கேட்டு, கதைச் சுருக்கமும் நீதியும் எழுதச் சொல்கிறேன். முழுப் புத்தகம் முடித்தால் ஐஸ்கிரீம். இப்போது புத்தகத்தை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான்.
— ஒரு அப்பா, கோபாலபுரம்

முதலில் கேள்விகளை நிறுத்துங்கள். சுருக்கம், நீதி இரண்டையும் நிறுத்துங்கள். ஐஸ்கிரீமைப் புத்தகத்தோடு சேர்க்காமல் சும்மா வாங்கிக் கொடுங்கள்.

நீங்கள் அக்கறையோடு செய்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. ஆனால் படம் விட்டு வெளியே வரும்போது தியேட்டர் வாசலில் ஒருத்தர் வினாத்தாளோடு நின்றால், அடுத்த வாரம் நாம் அந்தப் பக்கம் போவோமா? பள்ளியில் அவனுக்குப் போதுமான அளவு கேள்வி இருக்கிறது. வீட்டில் கதை, கதையாக மட்டும் இருக்கட்டும்.

பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. பேசுவதும் கேள்வி கேட்பதும் ஒன்றல்ல. ‘நரி ஏன் பொய் சொன்னது?’ என்று கேட்டால் பதில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அவன் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். ‘எனக்கு அந்த நரியைப் பார்த்தா பாவமா இருந்துச்சுடா’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு இல்லப்பா, அது திருட்டு நரி’ என்று சண்டைக்கு வருவான். அரை மணி நேரம் பேச்சு ஓடும். அப்படி ஓடாமல் சும்மா இருந்தாலும் விட்டுவிடுங்கள். சில கதைகள் பிள்ளைக்குள் போய் நாலு நாள் கழித்து வெளியே வரும், குளிக்கும்போது, சாப்பிடும்போது.

ஐஸ்கிரீம் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். கூலி கொடுத்தால் அது வேலை என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

ஒரு மாதம் அவனைப் படிக்கவே சொல்லாதீர்கள். நீங்கள் படித்துக் காட்டுங்கள். ‘ஏழு வயசாச்சே, தானே படிக்கத் தெரியுமே’ என்பீர்கள். தெரிந்தாலும் படித்துக் காட்டுங்கள். இந்த வயதில் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் கதை, எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிற கதையைவிடப் பல மடங்கு பெரியது. தானாகப் படிக்கச் சொன்னால் ‘பூனை பால் குடித்தது’ அளவில் நிற்பான். நீங்கள் படித்தால் கடலும் கப்பலும் கொள்ளைக்காரனும் வருவார்கள். புத்தகத்தை அவன் தேர்ந்தெடுக்கட்டும். பாம்பு பற்றியா, கிரிக்கெட்டா, லாரியா, எதுவானாலும் சரி. பிடிக்காவிட்டால் பாதியில் மூடி வைக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு, நமக்கு இருக்கிறதல்லவா.

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. நான் ஆசையாகப் புத்தகம் வாங்கி வந்தால் கிழிக்கிறான். மடியில் இரண்டு நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறான். எழுத்து கற்றுக்கொண்ட பிறகு கொடுக்கலாமா?
— ஒரு தாத்தா, முதலமடை

ஐயா, அதுவரை காத்திருக்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரை கொடுத்தது. எழுத்து பிறகு வரும். குரலும் படமும் மடியும் இப்போதே வேண்டும்.

கிழிப்பது குறும்பு இல்லை. பக்கம் திருப்ப விரலுக்கு இன்னும் பதம் வரவில்லை, அவ்வளவுதான். கெட்டி அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ கொடுங்கள். கிழிக்கும் ஆசைக்குப் பழைய காலண்டர் தாளைக் கொடுங்கள். உட்கார வைக்கவும் வேண்டாம். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். அவன் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே கேட்பான். யானை வந்தால் பிளிறுங்கள், மழை வந்தால் மேசையில் விரலால் தட்டுங்கள். ஓடினவன் திரும்பி வருவான். அலுப்புத் தட்டுவதற்குள் நீங்களே மூடிவிடுங்கள். மாந்தோப்பில் உட்கார்ந்து படிப்பதென்றால் இன்னும் நல்லது, படத்தில் இருக்கும் அணிலும் எறும்பும் அங்கேயே இருக்கும்.

கேள்வி: நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். தொழிலுறுப்பு என்கிற ஊரக வேலைத் திட்டத்தில் வேலைக்குப் போகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பொண்ணு ஒன்றாம் வகுப்பு. படித்த அம்மாக்கள் கதை படித்துக் காட்டுகிறார்கள். நான் என்ன செய்ய? இதையும் பக்கத்து வீட்டுப் பொண்ணிடம் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்.
— ஒரு அம்மா, எருத்தேம்பதி

அம்மிணி, உன் கடிதத்தைத்தான் நான் முதலில் எடுத்து வைத்தேன்.

பள்ளியில் ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். பேத்தியைக் கூட்டிப் போக வந்த ஓர் அம்மிச்சி, மழை நிற்கட்டும் என்று வராண்டாவில் உட்கார்ந்தார். எழுத்து வாசம் இல்லாதவர். பேத்தி கையில் வகுப்பிலிருந்து எடுத்துவந்த படப் புத்தகம். ஒரு பக்கத்தில் கிணறு, இரண்டு மாடு, ஒரு ஆள். அம்மிச்சி அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து, ‘இது கவலை எறைக்கறது கண்ணு, உங்க அப்பிச்சி இப்படித்தான் எறைச்சாரு’ என்றார். மோட்டார் பம்பு மட்டுமே பார்த்த பிள்ளை, ‘கவலைன்னா?’ என்றது. அவ்வளவுதான். தோல் பறி எப்படி இறங்கும், மாடு எப்படிப் பின்னால் நடக்கும், தண்ணீர் வாய்க்காலில் விழும்போது என்ன சத்தம் வரும் என்று மழை விடும் வரை பேச்சு. புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு வரி. மறுநாள் அந்தப் பெண் வகுப்புக்குள் வந்ததும் அலமாரிக்குப் போய் அதே புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அம்மிச்சி சொன்னதெல்லாம் அதில் எங்கே எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். நான் அந்த ஒரு வரியின் கீழே விரலை ஓட்டிப் படித்தேன். அவளும் விரலை ஓட்டினாள். தானாகப் படித்த முதல் வரி அவளுக்கு அதுதான்.

அந்த அம்மிச்சி செய்ததை நீயும் செய்யலாம். படம் பார்த்து உன் வாயால் சொல். எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்களும் இருக்கின்றன, நூலகத்தில் கேட்டு வாங்கு. நடந்து போகும்போது விடுகதை போடு. ‘ம-வில ஆரம்பிக்கற பேரு சொல்லு பாக்கலாம்’ என்று விளையாடு. ஒரு சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காது பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், எழுத்தைக் கூட்டுவது பாதி சுலபமாகிவிடும். இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம்.

அப்புறம், நீ எழுத்துக் கூட்டிப் படிப்பதை மகளிடம் மறைக்காதே. நீ காய் நறுக்கும்போது அவள் உனக்குப் படித்துக் காட்டட்டும். அவள் தடுமாறினால் நீயும் சேர்ந்து கூட்டு. அம்மாவும் தன்னைப் போல முயற்சி பண்ணுகிறாள் என்று பார்க்கும் பிள்ளைக்கு வரும் தெம்பு பெரியது. தப்பாகப் படித்தால் சொல்லுக்குச் சொல் திருத்த வேண்டாம். கதை ஓடட்டும்.

1991 ஏப்ரல் 18-ம் தேதி கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தபோது, அதைக் கூட்டத்தில் சொன்னவர் மந்திரி இல்லை. வயதான பிறகு எழுத்து கற்றுக்கொண்ட சேலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புறத்துப் பெண். உனக்கும் மேலே படிக்க ஆசை இருந்தால் கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷன் ஏழாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் சமநிலைப் படிப்பு நடத்துகிறது. அதைக் கவனிக்கும் ஊழியரைப் பிரேரக் என்பார்கள், பஞ்சாயத்தில் அது யார் என்று விசாரி.

கேள்வி: நாலு வயது மகளுக்கு போனில் கதை வீடியோ போட்டுக் கொடுத்தால் போதாதா? வேலையும் முடிகிறது.
— ஒரு அம்மா, வண்ணாமடை

போதாது. இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன வழிகாட்டுதல். ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவும் கூடாது. வீடியோ குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை, ‘அது ஏன்?’ என்று கேட்டால் நிற்பதுமில்லை. வீட்டில் புத்தகம் இல்லை, போன்தான் இருக்கிறது என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் படக்கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. போனை நீங்கள் பிடித்துக்கொண்டு நீங்களே படியுங்கள்.

கேள்வி: லாரி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் மகளுக்கு ராத்திரி ராத்திரி அதே புத்தகம்தான் வேண்டும். புதிதாக வாங்கினதைத் தொடுவதில்லை. சலித்துப்போய் ஒரு பக்கம் தாண்டினால் கண்டுபிடித்துவிடுகிறாள்.
— ஒரு அப்பா, கஞ்சிக்கோடு

பக்கம் தாண்டியதைக் கண்டுபிடிக்கிறாள் என்றால் ஒவ்வொரு வரியும் அவள் மனதில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டால்தான் புதுச் சொல் பிள்ளைக்குள் தங்கும். முதல் தடவை கதையைப் பிடிக்கிறாள், அப்புறம் சொல்லைப் பிடிக்கிறாள், அப்புறம் எழுத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். படிக்கும்போது வரியின் கீழ் விரலை ஓட்டுங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள், அவள் முடித்து வைப்பாள். புதுப் புத்தகத்தைப் பக்கத்திலேயே வைத்திருங்கள், அவளாக எடுக்கும் வரை அவசரம் இல்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து படித்துக் காட்டுகிறீர்களே, உங்கள் மகளுக்கு அது பெரிய கொடுப்பினை.

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். புத்தகத்தைக் கொடுத்தால் வரி விட்டு வரி தாவுகிறாள், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறாள். ‘சோம்பேறி’ என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.
— ஒரு அம்மா, சித்தூர்

அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது சோம்பல் மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைகளும், ஒரு காது மந்தமான பிள்ளைகளும் வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கில் எடுத்த 21 வகைகளில் இதுவும் ஒன்று. முறையான பரிசோதனைக்கு மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதைத்தான் அரசு வழிகாட்டுதலும் சொல்கிறது, அதனால் இதுவே சரியான நேரம். பள்ளி மூலமாக பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பு ஆசிரியரைப் பார்க்கக் கேளுங்கள்.

அதுவரைக்கும் அவளுக்குக் கதை நின்றுபோகக் கூடாது. எழுத்து வழி கஷ்டம் என்றால் காது வழி போகட்டும். அவள் வயதுக்கு ஏற்ற நல்ல கதையை நீங்கள் படித்துக் காட்டுங்கள். ‘ஒண்ணாங் கிளாஸ் புத்தகமே படிக்க வரலியே’ என்று குழந்தைக் கதைக்கு இறக்கிவிடாதீர்கள். விருந்தாளி வந்தால் ‘எங்கே, படிச்சுக் காட்டு’ என்று நிறுத்தவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையை இளைஞர்கள் நாங்கள் எடுத்து நடத்துகிறோம். பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வருகிறார்கள், கேரம் ஆடப் பையன்கள் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. பாதிக்கு மேல் தமிழ் பேசும் வீடுகள்.
— வாசகசாலைச் செயலாளர், மீனாட்சிபுரம் அருகே

தம்பி, நம் மாநிலத்தில் நூலகம் ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டியது. 1945-ல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 கிராம நூலகங்களைக் கூட்டித்தான் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19-ஐத்தான் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு மட்டும் பேச்சுப் போட்டி வைத்துவிட்டு மற்ற நாள் அலமாரியைப் பூட்டி வைத்தால் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

உங்கள் அலமாரியை நான் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்கிறேன். கண்ணாடிக் கதவு, பூட்டு, மேல் தட்டில் குழந்தைப் புத்தகம், முதுகு மட்டும் தெரியும்படி நெருக்கி அடுக்கியிருக்கும். பெரும்பாலான ஊரில் இப்படித்தான் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதுகில் இருக்கும் பெயரைப் படிக்க வராது, அட்டைப் படம்தான் கூப்பிடும். அதனால் கீழே, பிள்ளையின் இடுப்பு உயரத்தில், ஒரு பலகை போதும். இல்லையென்றால் சுவரில் கயிறு கட்டிப் புத்தகங்களை விரித்துத் தொங்கவிடுங்கள். அட்டை முன்னால் தெரியட்டும். கீழே பாய் விரியுங்கள். கிழிந்தால் ஒட்டுங்கள், தொலைந்தால் போகட்டும். சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகம் பயன்படுத்துவதற்காக என்பதுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம் என்பது அடுத்தது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் இல்லாத இடத்தில் அந்த இரண்டாவது விதி நிறைவேறவில்லை என்று அர்த்தம்.

தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்பீர்கள். கோவை கொடிசியா புத்தகத் திருவிழா நமக்கு எட்டுகிற தூரம்தான். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் புத்தகங்கள் தமிழிலும் மலையாளத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரே கதை இரண்டு மொழியிலும் கிடைத்தால் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மலையாளம் பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே கதையைப் பற்றிப் பேச முடியும் என்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. அடுக்கும்போது வகுப்புவாரியாக வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையாகப் பிரித்திருக்கிறது. அது நல்ல வழி. நாலாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’யில் இருந்தாலும் கூச்சப்படாமல் எடுக்கலாம்.

நூலகத்தின் சிறுவர் மன்றமான பாலவேதியைப் பெயருக்கு வைக்காமல், வாரத்தில் ஒரு நாள் ஒரே நேரத்தில் கதை நேரம் நடத்துங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்றால் மழையானாலும் நாலு மணிதான். இரண்டே பிள்ளைகள் வந்தாலும் நடத்துங்கள். ஊரில் கதை சொல்லும் ஆத்தாக்களைக் கூப்பிடுங்கள், கவுரவமாக நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கதை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அதற்கு உறுப்பினர் பணம் வாங்காதீர்கள்.

கேள்வி: டீச்சர், நான் நாலாம் கிளாஸ். எனக்குப் படம் போட்ட புத்தகம்தான் பிடிக்கும். எட்டாவது படிக்கும் அண்ணன் ‘இன்னும் பாப்பா புக்கா’ என்று கேலி பண்ணுகிறான்.
— ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

கண்ணு, படம் போட்ட புத்தகம் பாப்பாவுக்கு மட்டும் இல்லை. நம்ம கேரளத்தில் காயங்குளத்தில் பிறந்த சங்கர் என்பவர் பெரிய பெரிய தலைவர்களையே கார்ட்டூனாக வரைந்தவர். அவர்தான் 1957-ல் டெல்லியில் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டைத் தொடங்கிப் பிள்ளைகளுக்காகப் படப் புத்தகங்கள் போட்டார். படம் வரைவதும் கதை சொல்கிற ஒரு வழிதான். அதனால் நீ பிடித்ததைப் படி. ஒரு புத்தகத்தில் படம் குறைவாக இருந்து கதை நன்றாக இருந்தால் அதையும் எடுத்துப் பார், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடு.

அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது சத்தமாகப் படி. அவன் எட்டிப் பார்த்தால் புத்தகத்தைக் கொடுத்துவிடாதே, பக்கத்தில் உட்காரச் சொல்லு. இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு எழுது.